வீட்டு லைனுக்கு ஐபிவி6, பரணில் கிடக்கும் லேப்டாப்புக்கு வேலை: வேலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுக்கும் புதிய நெறிமுறைக்குப் பெயர் ஐபிவி6. உங்கள் போனில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு, செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குப் போய் ஐபி முகவரி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். 2409 என்று தொடங்கும் நீளமான எண் இருந்தால் ஜியோ. 2401:4900 என்று தொடங்கினால் ஏர்டெல். இப்போது வீட்டு வைஃபையில் சேர்ந்து அதே இடத்தை மறுபடி பாருங்கள். 192.168 என்று தொடங்கும் குட்டி முகவரியும், எஃப்-ஈ-80 என்று தொடங்கும் நீள முகவரியும் மட்டும் இருந்தால் உங்கள் வீட்டு லைனில் ஐபிவி6 இல்லை.

காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் பல வீடுகளில் இதுதான் நிலைமை. ரீசார்ஜ் போட்ட போனில் புதிய நெறிமுறை, மாதா மாதம் வாடகை கட்டும் ஃபைபர் லைனில் பழையது. இதைச் சரிசெய்வது எப்படி, சரிசெய்த பிறகு பழைய லேப்டாப் ஒன்றை வைத்து என்னென்ன நோண்டலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. கட்டளைகளைத் தமிழில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எதற்கு இந்த வேலை?

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் மறுபடி எழுந்தருளியது 1981-இல். பழைய நெறிமுறையான ஐபிவி4-இன் ஆவணம் வெளிவந்ததும் அதே ஆண்டு செப்டம்பரில்தான். அப்போது வைத்த கணக்கு 32 பிட். அதாவது உலகம் முழுவதற்கும் சுமார் 430 கோடி முகவரிகள். அன்றைக்கு அது எக்கச்சக்கம். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில், ஆசிய பசிபிக் பகுதியின் பங்கும் கடைசித் துண்டுக்கு வந்துவிட்டது. 128 பிட் கொண்ட ஐபிவி6 1998-இலேயே எழுதித் தயாராக இருந்தாலும், யாருக்கும் அவசரம் இல்லாததால் வெகுகாலம் தூங்கியது. இந்தியாவில் அதை வீதிக்குக் கொண்டுவந்தது 2016-இல் வந்த ஜியோதான். புதிதாக வந்தவர்களுக்குக் கொடுக்க ஐபிவி4 முகவரி கைவசம் இல்லையென்றால் வேறு என்ன செய்வார்கள்?

மற்ற கம்பெனிகள் இருக்கிற முகவரிகளைப் பங்குபோட்டுச் சமாளித்தார்கள். சி.எம்.சி.யைச் சுற்றியிருக்கும் லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். கொல்கத்தாவிலிருந்து வந்தவர், கவுகாத்தியிலிருந்து வந்தவர், எல்லோருக்கும் வெளியில் ஒரே கதவு எண்தான். உள்ளிருந்து யாரும் வெளியே போகலாம். வெளியிலிருந்து ஒருவர் வந்து "அவரைப் பார்க்கணும்" என்றால் ரிசப்ஷனில் இருப்பவருக்கு ரூம் நம்பர் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ரவுட்டர் செய்யும் நேட் என்ற வேலை இதுதான். லைன் கம்பெனியும் தன் பங்குக்கு இன்னொரு ரிசப்ஷனை வைத்தால் அது சிஜிநேட். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் (வெளி லைன் பக்கம்) முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் அதற்குப் பின்னால்தான் இருக்கிறீர்கள். அப்படிப்பட்ட லைனில் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை வெளியூரிலிருந்து நேரடியாகத் தொட ஐபிவி4-இல் வழியில்லை. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பும் விதி) எவ்வளவு போட்டாலும் பலிக்காது, கம்பெனிக்காரர் வைத்த ரிசப்ஷன் உங்கள் கையில் இல்லை.

ஐபிவி6-இல் ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி உண்டு. அதனால்தான் நோண்டுபவர்களுக்கு இது பிடிக்கிறது. அதனால்தான் கொஞ்சம் ஜாக்கிரதையும் வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முகவரியைப் படிக்கப் பழகுங்கள்

நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். நான்கு நான்கு எழுத்தாக எட்டுத் தொகுதிகள், நடுவே முக்காற்புள்ளி. எழுத்துகள் 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும். தொகுதியின் முன்னால் வரும் சுழியங்களை விட்டுவிடலாம். தொடர்ந்து சுழியமாகவே இருக்கும் தொகுதிகளை மொத்தமாக விழுங்கி இரட்டை முக்காற்புள்ளி வைக்கலாம், ஆனால் ஒரு முகவரியில் ஒரே ஒரு முறைதான். கூகுளின் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) முகவரியைப் பாருங்கள்: 2001:4860:4860::8888. இதில் எழுத்தே இல்லை, எண்கள் மட்டும்தான். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அடிக்கடி தேவைப்படும்.

முதல் எழுத்துகளைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். 2 அல்லது 3-இல் தொடங்கினால் இணையத்தில் செல்லுபடியாகும் பொது முகவரி. எஃப்-ஈ-80 என்றால் அது உங்கள் வயரையோ வைஃபையையோ தாண்டாத உள்முகவரி. லைனில் ஐபிவி6 வந்தாலும் வராவிட்டாலும் கருவி தானே வைத்துக்கொள்ளும். இதைப் பார்த்துவிட்டு "எனக்கு வந்துவிட்டது" என்று சந்தோஷப்படுபவர்கள் நிறைய. எஃப்-டி என்று தொடங்கினால் வீட்டுக்குள் மட்டும் புழங்குவது. பொது முகவரியின் முதல் பாதி, அதாவது 64 பிட், உங்கள் நெட்வொர்க்கைச் சொல்லும். பின்பாதி கருவியைச் சொல்லும்.

ரவுட்டரைத் தொடும் முன்

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 192.168.1.1 போன்ற முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். உள்ளே போனதும் எதையும் மாற்றாமல் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக வேன் பக்கம். அதில் பிபிபிஓஈ (லைன் கம்பெனியிடம் உள்நுழையும் முறை) யூசர்நேமும் வி-லேன் (லைனில் உங்கள் போக்குவரத்தைப் பிரித்துக் காட்டும்) எண்ணும் இருக்கும். வி-லேன் எண்ணைத் தொடவே தொடாதீர்கள். அது மாறினால் நெட் போய்விடும், சாயங்காலம் சீரியல் பார்ப்பவர்களிடம் பதில் சொல்லவேண்டியது நீங்கள்தான்.

அடுத்து, ஐபிவி6-ஐ ஆன் செய்வதற்கு முன்பே ஃபயர்வால் (எந்த இணைப்பை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் காவல்) பக்கத்துக்குப் போங்கள். பல வழிகாட்டிகள் இதைக் கடைசியில் வைக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நேட் என்பது பாதுகாப்புக்காக வந்ததல்ல, ஆனால் வெளியார் உள்ளே வரமுடியாதபடி தற்செயலாக ஒரு தடை போட்டுவைத்திருந்தது. ஐபிவி6-இல் அந்தத் தடை கிடையாது. ரவுட்டர் ஃபயர்வால் சும்மா இருந்தால், கடையில் மாட்டிய கேமரா டிவிஆர், பாஸ்வேர்டே மாற்றாத பிரிண்டர், பழைய ஆண்ட்ராய்டு டிவி பெட்டி எல்லாம் நேராக வெளியுலகுக்குத் தெரியும். ஐபிவி6 ஃபயர்வால் என்ற வரி தனியாக இருந்தால் ஆன் செய்யுங்கள். உள்ளிருந்து தொடங்கும் இணைப்புகளுக்கு அனுமதி, வெளியிலிருந்து வருவதற்குத் தடை, இதுதான் வேண்டும். கையோடு டிவிஆர் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். 1234 என்று இருப்பது ஊருக்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பிவி6-ஐ, அதாவது கருவிகள் ஒன்றுக்கொன்று நிலைமையைச் சொல்லிக்கொள்ளும் வழியை, மொத்தமாக அடைக்காதீர்கள். ஐபிவி4-இல் பிங்கை (மறுமுனை இருக்கிறதா என்று தட்டிக் கேட்பதை) அடைத்தால் பெரிதாக எதுவும் கெடாது. இங்கே ரவுட்டரைக் கண்டுபிடிப்பது, பக்கத்துக் கருவியை அறிவது, பாக்கெட் (ஒரே தடவையில் அனுப்பும் தகவல் துண்டு) அளவைச் சரிசெய்வது எல்லாமே அதன் வழியாகத்தான்.

லைன்காரரிடம் என்ன கேட்பது?

நம்ம ஊரில் ஃபைபர் லைன் பெரும்பாலும் கேபிள்காரர் கை வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணே, நம்ம லைன்ல ஐபிவி6 குடுக்கிறாங்களா?"

"நெட்டு வருதுல்ல சார், அப்புறம் இன்னா?"

அவர்மேல் குற்றமில்லை, அவர் வேலை கேபிள் இழுப்பது. கம்பெனியின் டெக்னிக்கல் ஆட்களிடம் கேட்கச் சொல்லுங்கள், அல்லது நீங்களே கஸ்டமர் கேரில் கம்ப்ளெய்ன்ட் நம்பர் வாங்குங்கள். கேட்க வேண்டியவை மூன்றுதான். டூயல் ஸ்டாக், அதாவது ஐபிவி4-உம் 6-உம் சேர்த்து, என் கணக்கில் இருக்கிறதா? ப்ரிஃபிக்ஸ் டெலிகேஷன், அதாவது முகவரியின் முன்பகுதியை என் ரவுட்டருக்கு ஒதுக்குவது, கொடுக்கிறீர்களா, எந்த அளவில்? ரவுட்டரில் ஐபிவி6 பக்கத்தைப் பூட்டி வைத்திருந்தால் திறந்துவிடுவீர்களா? ப்ரிஃபிக்ஸ் அளவு /64 என்றால் ஒரே ஒரு நெட்வொர்க். /60 என்றால் 16. /56 என்றால் 256. வீட்டுக்கு /64 போதும்தான். ஆனால் விருந்தாளி வைஃபை, கேமராக்களுக்கு ஒன்று என்று பிரிக்க ஆசைப்பட்டால் /60-ஆவது வேண்டும்.

"இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் வேன் பக்கத்தில் ஐபி மோடை ஐபிவி4/ஐபிவி6 என்று மாற்றுங்கள். டிஎச்சிபிவி6 (முகவரியைக் கேட்டு வாங்கும் முறை), ப்ரிஃபிக்ஸ் டெலிகேஷன் கட்டங்களில் டிக் போடுங்கள். லேன் (வீட்டு உள் நெட்வொர்க்) பக்கத்தில் ரவுட்டர் அட்வர்டைஸ்மென்ட் (ரவுட்டர் தன் ப்ரிஃபிக்ஸை அறிவிப்பது) ஆன் ஆகி இருக்க வேண்டும், முகவரி முறை ஸ்லாக் (கருவி தானே முகவரி அமைத்துக்கொள்வது) என்று இருக்கட்டும். டிஎச்சிபிவி6 மட்டும் என்று வைத்தால் ஆண்ட்ராய்டு போன்கள் முகவரி எடுத்துக்கொள்ளாமல் நிற்கும். சேமித்து, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

"இல்லை" என்று கையை விரித்தால்? ஹரிக்கேன் எலக்ட்ரிக் என்ற கம்பெனி இலவச டனல் (ஐபிவி6-ஐ ஐபிவி4-க்குள் வைத்துக் கொண்டுவரும் வழி) கொடுக்கிறது, ஆனால் அதற்கு உங்களிடம் பொது ஐபிவி4 முகவரி வேண்டும். சிஜிநேட்டுக்குப் பின்னால் இருந்தால் அதுவும் போச்சு. அப்போது போனை யூஎஸ்பி வயரில் கம்ப்யூட்டரோடு கோர்த்து டெதரிங் போடுங்கள். ஜியோ, ஏர்டெலில் பெரும்பாலும் கம்ப்யூட்டருக்கும் பொது ஐபிவி6 முகவரி வந்துவிடும். பேரணாம்பட்டுப் பக்கம் ஃபைபர் வராத ஊரில் இருந்தாலும் கற்றுக்கொள்ள இது போதும்.

வந்துவிட்டதா என்று எப்படி அறிவது?

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடியுங்கள். 2-இல் தொடங்கும் முகவரி தெரிய வேண்டும். ஒன்றுக்கு மேல் இருந்தால் குழம்ப வேண்டாம். ஒன்று நிலையானது, 'டெம்பரரி' என்று இருப்பது நீங்கள் போகும் தளங்கள் உங்களைப் பின்தொடராமல் இருக்க அவ்வப்போது மாறிக்கொள்வது. பிறகு பிங் -6 2001:4860:4860::8888 என்று அடியுங்கள். பதில் வந்தால் லைன் சரி. வராவிட்டால் 2606:4700:4700::1111 என்ற கிளவுட்ஃபிளேர் முகவரியையும் பாருங்கள்.

பிரவுசரில் கூகுள் திறக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. இன்றைய பிரவுசர்கள் இரண்டு வழியையும் முயன்று, ஐபிவி6 கால் நொடி தாமதித்தாலே சத்தமில்லாமல் ஐபிவி4-க்குத் தாவிவிடும். பழுது இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. -6 போட்ட பிங்தான் உண்மையைச் சொல்லும்.

அடிக்கடி வரும் ஒரு வம்பை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் வெறுத்துப்போய் ஐபிவி6-ஐ அணைத்துவிடுகிறார்கள். பிங் போகிறது, சில தளங்கள் திறக்கின்றன, சில தளங்கள் மட்டும் வெள்ளைத் திரையோடு சுற்றிக்கொண்டே நிற்கின்றன. காரணம் பாக்கெட்டின் அளவு. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஈ லைனில் 8 பைட் அதற்கே போய்விடுவதால் 1492-தான் மிச்சம். ஐபிவி4-இல் நடுவழி ரவுட்டர் பெரிய பாக்கெட்டை வெட்டி அனுப்ப முடியும். ஐபிவி6-இல் நடுவழியில் யாரும் வெட்ட மாட்டார்கள். "இது பெரிது" என்று ஐசிஎம்பிவி6 வழியே அனுப்பியவருக்குத் தகவல் சொல்வதோடு சரி. அந்தத் தகவலை யாராவது அடைத்துவிட்டால் அனுப்பியவர் அதே பெரிய பாக்கெட்டையே மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருப்பார். ரவுட்டரின் லேன் பக்கத்தில் எம்டியு (பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) என்ற கட்டம் இருந்தால் 1492 போடுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் 1280 போட்டுப் பாருங்கள், ஐபிவி6 அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவு அதுதான். 1280-இல் எல்லாத் தளமும் திறந்தால் கோளாறு இதுவே என்று உறுதி.

பழைய லேப்டாப்பை எடுங்கள்

பரணில் எதுவும் இல்லையென்றால் சொந்தக்காரர் வீட்டில் கேளுங்கள். அரசு கொடுத்த இலவச லேப்டாப் ஒன்று பெட்டியோடு தூங்கிக்கொண்டிருக்கும். டெஸ்க்டாப்பை விட லேப்டாப்பையே நான் சொல்வேன், காரணம் கரண்ட் பில். 60 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாத பில்லில் 86 யூனிட் ஏறும். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் பெரிய பங்கை அதுவே தின்றுவிடும். 15 வாட் லேப்டாப் என்றால் 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். கரண்ட் போனாலும் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். ஸ்கிரீன் உடைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, நிறுவும்போது மட்டும் டிவியில் மாட்டிக்கொள்ளலாம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கழற்றி வீசிவிடுங்கள், குப்பையில் அல்ல, மின்கழிவு எடுப்பவரிடம். அக்னி நட்சத்திர வெயிலில் உப்பிய பேட்டரியோடு விளையாடக் கூடாது.

ஸ்க்ரூவைக் கழற்றி ஃபேனில் அடைத்த தூசியை பிரஷ்ஷால் எடுங்கள். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், இல்லாவிட்டால் காற்றில் வேகமாகச் சுற்றி பேரிங் போய்விடும். ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். ஆன் ஆகாத பல லேப்டாப்கள் இதிலேயே உயிர்பெறும். ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய ஆண்டுக்குப் போனால் உள்ளே இருக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் எதுவும் திறக்காது, லைன் பழுது என்று தவறாக நினைத்துவிடுவீர்கள்.

பிறகு டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் எழுதி நிறுவுங்கள். எழுதுவதற்கு விண்டோஸில் ரூஃபஸ் என்ற சின்ன நிரல் போதும். வட்டில் இருப்பதெல்லாம் அழியும், கல்யாண போட்டோக்கள் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். நிறுவும்போது எதெல்லாம் வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் டெஸ்க்டாப் என்பதை எடுத்துவிட்டு எஸ்எஸ்எச் சர்வர் (தூரத்திலிருந்து நுழைந்து கட்டளை அடிக்க உதவுவது) என்பதற்கு டிக் போடுங்கள். 2 ஜிபி ராமில் சொகுசாக ஓடும். 32 பிட் மட்டும் தெரிந்த மிகப் பழைய மெஷின் என்றால் விட்டுவிடுங்கள். 2025-இல் வந்த டெபியன் 13-இல் அவற்றுக்கான இன்ஸ்டாலரே கிடையாது. மூடியை மூடினால் மெஷின் தூங்கிவிடாதபடி லாகின்டி என்ற (மூடி, பவர் பட்டனைக் கவனிக்கும்) நிரலின் அமைப்புக் கோப்பில் மாற்றிக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் ஐபி -6 அட்ரஸ் என்று அடித்து உங்கள் பொது முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு வேடிக்கை பாருங்கள். எஃப்-எஃப்-02::1 என்ற முகவரிக்கு, பின்னால் விழுக்காட்டுக் குறியும் நெட்வொர்க் கார்டின் பெயரும் சேர்த்து பிங் போடுங்கள். 'இந்த வயரில் இருக்கும் எல்லோரும்' என்பதுதான் அந்த முகவரி. ஹாலில் இருக்கும் டிவி, அம்மாவின் போன், பிரிண்டர், ரவுட்டர் என்று வரிசையாக எஃப்-ஈ-80 முகவரிகள் பதில் சொல்லும். உடனே ஐபி -6 நெய்பர் என்று அடித்தால் எந்த முகவரி எந்தக் கருவியின் மேக் (நெட்வொர்க் கார்டின் அடையாள) எண்ணுக்குச் சொந்தம் என்று பட்டியல் வரும். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் மட்டும் வாய் திறக்காது. யாருடையது என்றே தெரியாத ஒரு கருவி பட்டியலில் இருந்தால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

வெளியிலிருந்து வீட்டுக்குள்

எஸ்எஸ்எச்-க்கு முதலில் சாவிக்கோப்பு வைத்து நுழையும் முறையை அமைத்து, பாஸ்வேர்டு நுழைவை அணைத்துவிடுங்கள். அதன் பிறகுதான் ரவுட்டர் ஃபயர்வாலில் ஒரே ஒரு விதி: இந்த லேப்டாப்பின் முகவரி, போர்ட் 22 (எஸ்எஸ்எச்-இன் வாசல் எண்), அனுமதி. சில ரவுட்டர்களில் ஐபிவி6-க்கு இப்படித் தனி விதி போட இடமே இருக்காது. அதற்காக மொத்த ஃபயர்வாலையும் அணைக்காதீர்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஓடும் ரவுட்டர் ஒன்றைப் பின்னால் சேர்ப்பதே நல்லது.

போனில் டெர்மக்ஸ் என்ற கட்டளை அடிக்கும் ஆப்பைப் போட்டு, வைஃபையை அணைத்து, குடியாத்தம் பஸ்ஸில் உட்கார்ந்தபடி வீட்டு லேப்டாப்பின் முகவரிக்கு எஸ்எஸ்எச் செய்து பாருங்கள். நடுவே எந்தக் கம்பெனியின் கிளவுடும் இல்லை, மாதச் சந்தாவும் இல்லை.

ஒரே தொல்லை, கரண்ட் போய் வந்து ரவுட்டர் மறுபடி எழும்போது லைன் கம்பெனி வேறு ப்ரிஃபிக்ஸ் கொடுத்துவிடலாம். முகவரியின் முன்பாதி மாறிவிடும். இதற்கு டைன்வி6 போன்ற இலவச டைனமிக் டிஎன்எஸ் (மாறும் முகவரியை ஒரே பெயரோடு கோர்த்துவைக்கும்) சேவையில் ஒரு பெயர் வாங்கி, லேப்டாப் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் முகவரியை அங்கே பதிந்துகொள்ளும்படி கிரான் என்ற, நேரப்படி வேலையை ஓட்டும் நிரலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வைத்தால் முகவரி மாறுவதும் குறையும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் ஃபயர்வால் விதியைப் பின்பாதியை மட்டும் பார்க்கும்படி எழுதலாம் என்பதால், ப்ரிஃபிக்ஸ் மாறினாலும் விதியைத் தொட வேண்டியதில்லை.

இதெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு, அந்த லேப்டாப்பில் மட்டும் ஐபிவி4-ஐ ஒரு நாள் அணைத்து வைத்துப் பாருங்கள். எது திறக்கிறது, எது திறக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். கூகுள், யூடியூப், ஃபேஸ்புக், விக்கிப்பீடியா எல்லாம் ஓடும். நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் போன்ற பெரிய தளமே வெகுகாலம் ஐபிவி4-ஐ மட்டும் நம்பியிருந்தது. உங்கள் பேங்க், கரண்ட் பில் கட்டும் பக்கம், பிள்ளைகளின் காலேஜ் தளம் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பது ஒரே மதியத்தில் தெரிந்துவிடும். பட்டியல் கையில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு மெயில் தட்டலாம்.